வெள்ளைச் சுவரில் வெள்ளை எழுத்து

உக்காருங்க டீச்சர். அந்தச் சேர்ல வேண்டாமுங்க, இப்பத்தான் வார்னிஷ் அடிச்சு வெச்சிருக்கறன். இதுல உக்காருங்க. இந்த ஃபேன் சத்தம் மட்டுந்தான் போடும், காத்து வராது, கண்டுக்காதீங்க.

நீங்க போன்ல சொன்னப்பவே எந்த வீடுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. பழைய ரைஸ்மில்லுக்கு எதுத்தாப்புல, செவப்பும் இல்லாம ஊதாவும் இல்லாம ஒரு கலரு அடிச்சிருக்குமே, அதானுங்களே நீங்க வாங்கியிருக்கறது? நாலு வருசமா அந்தப் பக்கம் போறப்பெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் போறனுங்க. அடிச்சது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னொருத்தன் வேலையக் கொறை சொல்றது எனக்குப் புடிக்காதுங்க. லோகுன்னு ஒருத்தன். எங்கிட்ட ஆறு வருசம் வேலை பாத்தவன்.

அதென்னுங்க கையில பேப்பரு? வர்ணம் அடிக்கறதுக்கு முன்னால கேக்கவேண்டிய கேள்வியா? ஏழு கேள்வியா? போச்சு போங்க. நாப்பது வருசமாச் சுவரு தேய்ச்சவனுக்கு டீச்சரம்மா பரிச்சை வெக்க வந்திருக்கறீங்க. சரி, படியுங்க, கேப்போம்.

"சுவரில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்களா?"

அட! மொதக் கேள்வி கேள்வியாத்தான் இருக்குது. இங்க வர்ற நூறு பேர்ல தொண்ணூறு பேரு, வந்ததும் ஷேடு கார்டைக் காட்டுங்கம்பாங்க. சுவரு தண்ணி குடிச்சு ஊறிக் கெடக்கும், இவுங்களுக்குக் கலரு வேணும். குளிச்சுட்டுத் தொவட்டாம பட்டுச்சட்டை போடறவன் உண்டுங்களா? சுவரும் அப்படித்தானுங்க. ஏனுங்க சிரிக்கறீங்க? நான் ஒண்ணும் தமாசு பண்ணலீங்க. படியுங்க.

"அந்த அறையில் எது இருக்கப் போகிறது, எது வெளியே போகப் போகிறது என்று முடிவு செய்துவிட்டீர்களா?" சரிதானுங்க. பீரோவுக்குப் பின்னால விலை ஒசத்தியான பெயிண்ட அடிச்சுட்டு, ஆரும் பாக்கறதில்லையேன்னு அழுதவங்களையும் பாத்திருக்கறன்.

"இரண்டடிக்கு இரண்டடி சாம்பிள் அடித்து, காலையிலும் மதியமும் மாலையிலும் பார்த்தீர்களா?" ம். இதுல ஒரு ஓட்டை இருக்குது. ட்யூப்லைட்டை விட்டுட்டான். பகல்ல சந்தனமா இருக்கற கலரு ட்யூப்லைட்டுல காமாலைக்காரன் கண்ணாட்டத் தெரியும். அது ஒண்ணுதான் கொறை. மத்தபடி இதை எழுதுனவன் சுவரைத் தொட்டவனுங்க. ஏட்டைப் பாத்து எழுதுன ஆளில்லை.

எங்கிருந்து எடுத்தீங்க? போன்ல தேடியா? ம்க்கும். நல்லா எழுதியிருக்கறானேன்னு பாத்தேன், கடைசில போனா. எங்கிட்ட அந்தப் போனைப் பத்தி மட்டும் பேசாதீங்க டீச்சர். அந்தப் போனாலதான் என்ற மருமக எட்டு மாசமா இந்த வாசப்படி மிதிக்கலை.

எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்லீங்க. மிதிச்சா மிதிக்கட்டும், மிதிக்காட்டிப் போகட்டும். எப்படி ஆச்சுன்னு சொல்றன், நீங்களே நாயம் சொல்லுங்க.

போன வருசம் ஆடி மாசமுங்க. ஆடியில நம்ம பக்கம் எவன் வீட்டுக்கு வெள்ளையடிப்பான்? கடையில உக்காந்து ஈ ஓட்டிட்டு இருந்தேன். அப்பத்தான் ஒரு மளிகைக்கடைக்காரரு, பேரு வேண்டாம், அவரு வீட்டுக்கு மூணு தடவை நான் அடிச்சிருக்கறன், அவரு வீட்டு வாசல்ல லோகுவோட ஏணி நிக்குது! எனக்கு பொக்குனு போச்சுங்க. ஏனுங்க இப்படின்னு கேட்டா, "போன்ல பெயிண்டர்னு தேடுனேன், லோகு பேருதான் மொதல்ல வந்துச்சு, நீங்க வரவே இல்லையே நாச்சிமுத்து"ங்கறாரு. நான் எங்கய்யா போறது? கூப்புடு தூரத்துல கடை. தெனமும் அதைத் தாண்டித்தான் அவரு டீக் குடிக்கப் போறாரு. கண்ணு முன்னால இருக்கறவன் தெரியலை, போனுக்குள்ள இருக்கறவன் தெரியறான். என்ன கண்ணோ!

வீட்டுல வந்து கத்துனேன். என்ற மகன் பூபதி கம்முனு சோறு தின்னுட்டு இருந்தான், அவன் எப்பவும் கம்முனுதான் இருப்பான். மருமக மோகனப்பிரியாதான் பேசுனா. கவுந்தப்பாடிப் புள்ளைங்க. கம்ப்யூட்டர் படிச்சவ, கல்யாணத்துக்கு முன்னால திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு இந்த வெப்சைட்டு எழுதற வேலை பாத்தவ. "மாமா, அதுக்குப் பேரு எஸ்ஈஓ. தேடறவங்க கண்ணுல நம்மளப் பட வெக்கற வேலை. நான் பண்ணித் தர்றேன்"னா.

சரி அம்மிணி, பண்ணுன்னேன். என்ன பண்ணுனாங்கறீங்க? ஒரு மாசம் பண்ணுனதே இதுதான்: இந்தா, நீங்க உக்காந்திருக்கற இடத்துல ஒரு நோட்டைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா. வர்றவங்க என்ன கேக்கறாங்க, நான் என்ன சொல்றேன், அத்தனையும் எழுதறா. நான் ஒரு ஆளைத் திட்டுனா அதையும் எழுதறா! எதுக்கு அம்மிணி இதுன்னா, "மாமா, ஊர்ல யாரும் நாச்சிமுத்துன்னு தேட மாட்டாங்க. சுவர்ல ஓதம் வந்தா என்ன பண்றதுன்னுதான் தேடுவாங்க. அதுக்குப் பதில் நம்மகிட்ட இருக்கோணும். இருந்தா நம்மளத் தேடி வருவாங்க"ங்கறா. எப்படி இருக்குது பாருங்க. பதிலைச் சும்மா எழுதி வெச்சுட்டா அப்பறம் எவன் வருவான்? படிச்சுட்டுப் போயிருவான்ல?

அப்பறம் படம் எடுக்கறா. நான் மாலை போட்டுக்கிட்டு நிக்கற படம் ஒண்ணு பெருசா மொதல்ல போடச் சொன்னேன். பெயிண்டர் சங்கத்துல போட்ட மாலைங்க, சும்மா கெடையாது. அவ பொரிஞ்சுபோன சுவரைப் படம் எடுக்கறா! அடிக்கறதுக்கு முந்தி ஒண்ணு, அடிச்சதுக்குப் பிந்தி ஒண்ணு. கடை பேரு, விலாசம், போன் நம்பர் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கோணும்னு ஒரு வாரம் அதையே திருத்திட்டு இருந்தா. வேலை முடிஞ்ச வீட்டுக்காரங்ககிட்ட, உங்களுக்கு என்ன தோணுதோ அதை உள்ளபடி எழுதுங்கன்னு கேக்கறா. உள்ளபடி எழுதச் சொன்னா உள்ளபடி எழுதிப்புடுவான்ல டீச்சர்? ஒருத்தரு எழுதியிருக்கறாரு, வேலை சுத்தம், ஆனா நாச்சிமுத்து ரொம்பப் பேசறாருன்னு. நான் பேசறனாம்!

எப்ப அம்மிணி நாம மொதல்ல வருவோம்னு கேட்டேன். "ஆறு மாசமாவது ஆகும் மாமா"ன்னா.

ஆறு மாசம்! அதுக்குள்ள லோகு பாதி ஊரைப் பாழாக்கிருவான். எனக்கு ஆத்தரம் வந்துருச்சுங்க. புதுச் சுவருக்கே நான் அத்தனை நாள் கேக்கறதில்லை... கேப்பேன், அது வேற. புதுப் பூச்சு காயாம அடிச்சா வெடிச்சுப் போகும், அதனால கேப்பேன். அவசரப்படறவனைப் பாத்தாலே எனக்கு ஆகாது, கடையை விட்டே அனுப்பியிருக்கறன். அது சுவருங்க. இது போனு. போனு காயோணுமா?

அப்பத்தான் கோயமுத்தூர்ல இருந்து ஒரு ஆளு வந்தான். டை கட்டியிருந்தான் டீச்சர், அந்த வெயில்ல. முப்பதே நாளுல நம்பர் ஒன் ஆக்கறேன்னான். தெளிவாப் பேசுனான். நோட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. "உங்க பேரும் ஊர் பேரும் எத்தனை தடவை வருதோ அத்தனை நல்லது சார்"னான். சார்ங்கறான் என்னை! நம்ம மருமக வாயில மாமாவத் தவிர ஒண்ணும் வராது.

அந்த யோசனை மட்டும் என்றதுங்க, அவன்து இல்லை. அத்தனை தடவை பேரைப் போட்டா நம்ம வெப்சைட்டுப் பக்கம் அசிங்கமா இருக்குமே, படிக்கறவன் ஓடிருவானேன்னு யோசிச்சேன். பளிச்சுனு தோணுச்சு. பக்கம் வெள்ளை. எழுத்தையும் வெள்ளையாப் போட்டுட்டா? வெள்ளைச் சுவத்துல வெள்ளையில எழுதுனா எவன் கண்ணுக்குத் தெரியும்? ஆனா மிஷினு படிச்சுக்கும். அந்த டைக்காரன் எந்திரிச்சு நின்னு கை குடுத்தான். கோபி, சத்தி, நம்பியூர், அந்தியூர், பவானி, கவுந்தப்பாடி, இருநூத்திச் சொச்சம் ஊரு பேரு சொன்னேன். ஒவ்வொரு ஊருக்குப் பின்னாலயும் சிறந்த பெயிண்டர் நாச்சிமுத்து, சிறந்த பெயிண்டர் நாச்சிமுத்து. சில ஊருக்கு நான் போனதே இல்லைங்க. அதனால என்ன?

மோகனப்பிரியா அதைக் கண்டுபுடிச்சுட்டா. பக்கத்தை வெரலால தடவுனா எழுத்து தெரியுதாம். மூஞ்சி சுண்டிப் போச்சு. "மாமா, இது ஓதத்துக்கு மேல பெயிண்ட் அடிக்கற மாதிரி. இப்பத் தெரியாது, ஒரு நாளைக்கு மொத்தமாப் பொரிஞ்சு வந்துரும். எடுத்துருங்க மாமா"ன்னா. பாத்தீங்களா? பெயிண்டைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றா! ஒரு மாசம் நோட்டெடுத்துட்டு உக்காந்தா பெயிண்டர் ஆயிருவாங்களா? நல்லாக் கேட்டுட்டேன்.

அதோட விட்டிருக்கலாம். அப்பத்தான் எங்கக்கா பேத்தி கல்யாணம் வந்துச்சு. லோகுவுக்கு முப்பத்தஞ்சு பேரு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கறானுங்க. எனக்கு ஒம்போது. அதுல ஒண்ணு நான் பேசறேன்னு எழுதுனது. மண்டபத்துல எங்க ஒரம்பரை சொந்தபந்தம் அறுநூறு பேரு. மொய் எழுதற மேசைக்குப் பக்கத்துலயே இன்னொரு மேசையப் போட்டேன். அங்க எழுதிட்டு இங்க வாங்க, போனை எடுங்க, அஞ்சு ஸ்டாரு குத்துங்க, ரெண்டு வார்த்தை எழுதுங்க. உங்க வீட்டு விசேசத்துக்கு நான் வந்து உங்க கடைக்குக் குத்தறேன். நம்ம சனத்துக்கு இதைப் புரிய வெக்கவா வேணும்? வாங்குனா திருப்பிச் செய்யறது நம்ம வழக்கம்தானுங்களே. ரெண்டு மணி நேரத்துல நூத்திப் பன்னெண்டு பேரு! எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

எழுதுனதுலதான் கொஞ்சம் கோளாறு. எங்க மாமன் ஒருத்தரு, "பந்தி அருமை, ரசம் மட்டும் உப்பு"ன்னு எழுதியிருக்கறாரு. இன்னொருத்தி, "பொண்ணுக்குச் சேலை எடுப்பு"ங்கறா. "மாப்பிள்ளை நல்ல ஒசரம், அஞ்சு ஸ்டார்." பெயிண்டுக்கு டீச்சர்! சிரிங்க, சிரிங்க. எனக்கும் இப்பச் சிரிப்பாத்தான் வருது. எங்க ஆளுங்களுக்கு ஒரு சோலி குடுத்தா இப்படித்தான் முடிப்பாங்க.

பத்து நாள்தானுங்க அந்தச் சந்தோசம். பதினோராவது நாள் தேடுனா நான் இல்லை. நூத்திப் பன்னெண்டும் இல்லை. அந்த ஒம்போதும் இல்லை. மேப்புல பாத்தா கடை இருக்கற எடத்துல வேப்பமரம் மட்டும் இருக்குது. டைக்காரன் போனை எடுக்கலை. லோகு இந்தப் பக்கமா வண்டியில போறப்ப ஹாரன் அடிச்சுட்டுப் போறான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை புது மாப்பிள்ளைக்குக் கறிவிருந்து. மோகனப்பிரியாவோட அப்பா அம்மாளும் வந்திருந்தாங்க. நான் என்ன கேட்டேன்? ஒரே ஒரு கேள்விதானுங்க கேட்டேன். பந்தியில எல்லாரும் உக்காந்திருக்கறப்ப, "இந்த வேலை தெரிஞ்சவ எங்க வீட்டுல ஒருத்திதான் இருக்கறா. கண்ணுக்குத் தெரியாத எழுத்தைக் கண்டுபுடிச்சதும் அவதான். போன் கம்பெனிக்காரனுக்கு எழுதிப் போட்டுக் குடுத்ததும் அவதானோ என்னமோ"ன்னேன். கேள்விதானே? இல்லைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு.

அவங்கப்பன் மூஞ்சி செத்துப்போச்சு. அவ எலையை மூடிட்டு எந்திரிச்சா. அழுகலை. "நீங்க சொன்னதைத்தான் மாமா நான் எழுதிட்டு இருந்தேன்"னா. அவ்வளவுதான். இதுக்கென்ன அர்த்தமுங்க? நான் என்ன சொன்னேன், இவ என்ன எழுதுனா? அன்னைக்கே ரெண்டு பேரும் கெளம்பித் திருப்பூர் போயிட்டாங்க. பூபதி மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வருவான், அவங்கம்மாகிட்டப் பேசுவான், கம்முனு போயிருவான். அவ வர்றதில்லை. என்ற வீட்டுக்காரி ருக்மணி எங்கிட்டப் பேசறதையே நிறுத்திட்டா, சோத்துத் தட்டை வெக்கிற சத்தத்துலயே எல்லாம் சொல்லிருவா.

நான் போன் பண்ணிக் கூப்புடோணும்னு நெனைக்கறாங்க. நான் எதுக்குக் கூப்புடோணும்? மூத்தவன் நானா அவளா? தீபாவளி நோம்பிக்கு வரோணும்னு இருந்தா அவளே வரட்டும். மாடியில அவங்க ரூமு பூட்டிக் கெடக்குது. சும்மா கெடக்குதேன்னு நானே பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, நாலு கலரு சாம்பிள் அடிச்சு வெச்சிருக்கறன். ஆறு மாசமாச்சு. எந்தக் கலருன்னு முடிவு பண்ண முடியலைங்க. காலையில போயிப் பாப்பேன், பொழுதோட போயிப் பாப்பேன். எல்லாமே நல்லாத்தான் இருக்குது, எல்லாமே நல்லால்லை. நாப்பது வருசத்துல எனக்கு இப்படி ஆனதில்லை. வயசாகுதாட்ட இருக்குது.

சரி, அதை விடுங்க. உங்க சோலியப் பாப்போம். மிச்சக் கேள்வி என்ன? பிளக் பாயிண்ட்டை மொதல்லயே மாத்துனீங்களா... ஆமா. மேல் தளம் முடிச்சுட்டுத்தான் சுவரு, சுவரு முடிச்சுட்டுத்தான் தரைன்னு... ஆமா. ஜன்னலுக்குத் துணி எடுக்கறதுக்கு முந்தி அளவு எடுத்தீங்களா... ஆமா, ஆமா. கடைசிக் கேள்வி?

"அந்த அறையில் இருக்கப் போகிறவர்களிடம் கேட்டீர்களா? நாம் அடிப்பது நமக்கு இல்லை. அங்கே தூங்கி எழுபவர் கண்ணுக்குத்தான் அந்தக் கலர்."

...

இதை நான் சொல்லுவனுங்க. இது நான் சொல்றது. ஒரு பேங்க் மேனேஜரு சம்சாரத்தைக் கேக்காம கலரு சொன்னாரு, அவரைத் திட்டுனப்பச் சொன்னேன். இந்தக் கடையில வெச்சுத்தான் சொன்னேன். இது எப்படி...

போனைக் காட்டுங்க. கண்ணாடி எங்க வெச்சேன்... நீங்களே படியுங்க. கீழ என்ன எழுதியிருக்குது?

"குளித்துவிட்டுத் துவட்டாமல் பட்டுச்சட்டை போடுவோமா? சுவரும் அப்படித்தான்."

அதுக்குத்தான் சிரிச்சீங்களா. நான் சொல்லச் சொல்ல, எல்லாம் முன்னாலயே படிச்சுட்டுத்தான் வந்து உக்காந்திருக்கறீங்களா. சரி. அதுக்கும் கீழ?

"இந்தப் பதில்கள் எல்லாம் என் மாமனார் நாச்சிமுத்து சொன்னவை. கோபியில் கடை வைத்திருக்கிறார். வேப்பமரத்தடி. கொஞ்சம் திட்டுவார். அவர் திட்டுவதைக் கேட்டுவிட்டு அடித்த சுவர் பத்து வருடம் பொரியாது. மோகனப்பிரியா பூபதி."

என்னைக்கு எழுதுனது? போன மாசமா? போன மாசமா டீச்சர்? நல்லாப் பாருங்க. எட்டு மாசத்துக்கு முந்தி இருக்கும்.

போன மாசந்தானா.

தேடுனா எத்தனாவதா வருது? மொதல்லயா? லோகு எங்க? கீழயா? எவ்வளவு கீழ? ம்.

டீச்சர், ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உங்க போன்ல இருந்து ஒரு நம்பர் போடுங்க. என்ற நம்பர் வேண்டாம், பாத்தா எடுக்க மாட்டா. நான் பேசலீங்க, நீங்களே பேசுங்க. மாடி ரூமுல நாலு கலரு அடிச்சுக் காஞ்சு கெடக்குதாம், எதுன்னு சொல்லச் சொல்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஆரு சொன்னதுன்னு கேட்டா பெயிண்டர் சொன்னாருன்னு சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கறதைச் சொல்லாதீங்க.

அடிக்குதுங்களா? எடுத்துட்டாளா? பேசுங்க... எங்கிட்டக் குடுக்காதீங்க, டீச்சர், நான் சொன்னேன்ல, குடுக்காதீங்க...

அம்மிணி. நான்தான்.

ஒண்ணுமில்லை. அந்த மூணாவது கேள்வி இருக்குதுல்ல, அதுல ட்யூப்லைட்டை விட்டுட்டே. தப்பா இருக்குது. ஆமா, திருத்தோணும். இல்லை, அதைப் போன்ல சொல்ல முடியாது. நேர்ல வந்து, மாடியில லைட்டைப் போட்டுப் பாத்தாத்தான் உனக்குத் தெரியும்.